பதினாறு புள்ளிக்குள் ஒரு பெயர்ப்பலகை



ரப்பர் சீட்டு உருளையில் புகுந்து வெளிவரும்போது அதன்மீது வரிகள் விழும் என்பது நம் தோட்டத்து மக்கள் அறிந்த செய்தி. சில தோட்டங்களில் அந்த வரிகளோடு தோட்டத்தின் முத்திரையும் சேர்ந்து பதியும். சரக்கு கப்பலேறிக் கடல் கடந்து போன பின்னரும், அதைக் கையில் எடுப்பவர் இது எங்கிருந்து வந்தது என்று அந்த முத்திரையைக் கொண்டே அறிந்துகொள்வார். இணையத்திலும் அத்தகைய முத்திரை ஒன்று உண்டு. மிகச் சிறியது; சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இராது. வலைத்தளச் சின்னம் என்று அதைச் சொல்லலாம். நம்மிடமுள்ள ஒரு படத்தை அந்தச் சின்னமாக மாற்றுவது எப்படி, அதையும் காசு செலவின்றி நம் கணினியிலுள்ள உலாவியைக் கொண்டே செய்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாம் வாழும் தம்போய் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற இந்தப் பக்கங்களில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிற்கின்றன. ஒரு தோட்டம் கைமாறினால் முதலில் கழற்றப்படுவது அதன் பெயர்ப்பலகைதான். பிறகு லயங்கள் போகின்றன, கோயில் வேறு இடம் தேடுகிறது, பள்ளியும் பெயர்கிறது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் திசைக்கொருவராகப் பிரிந்துவிடுகிறார்கள். அப்படிப் பிரிந்தவர்கள் பழைய திருவிழாப் படங்களையும், பள்ளிக் குழுப்படங்களையும், பெரியவர்களின் நினைவுகளையும் ஒன்று திரட்டி ஓர் அகப்பக்கம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த அகப்பக்கத்தின் வாசலில் தொங்கும் பெயர்ப்பலகைதான் இந்தச் சின்னம்.

உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தால் மேல்விளிம்பில் ஒரு சிறு மடிப்பு தோன்றும். தாவல் என்று அதற்குப் பெயர். நான்கைந்து பக்கங்களைத் திறந்து வைத்திருந்தால் தளங்களின் பெயர்கள் முழுமையாகத் தெரியும். பத்து, இருபது என்று திறந்துவிட்டாலோ பெயர்கள் வெட்டுப்பட்டுப் போகும். அப்போது கண்ணுக்கு அடையாளமாக நிற்பது சின்னம் ஒன்றே. சின்னம் வைக்காத தளத்துக்கு உலாவி சாம்பல் நிற உருண்டையையோ வெற்றுத் தாளையோ போட்டுவிடும். எத்தனையோ தளங்களுக்கு அதே உருண்டைதான்! பேர் இல்லாதவர் வரிசையில் நம் தோட்டமும் போய் நிற்க வேண்டுமா?

இந்தச் சின்னம் வந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். கணினித் திரையில் கோப்புகளுக்கும் நிரல்களுக்கும் சிறு படங்களை வைக்கும் வழக்கத்தை ஒட்டி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட விண்டோஸ் முதற்பதிப்பிலேயே ஐகோ என்னும் கோப்பு வகை இடம்பெற்றது. 1999ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அதே நிறுவனத்தின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியின் ஐந்தாம் பதிப்பு வந்தது. விருப்பமான தளங்களை நாம் குறித்து வைத்துக்கொள்ளும்போது, அந்தப் பட்டியலில் ஒவ்வொரு தளத்தின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னத்தைக் காட்ட அது ஏற்பாடு செய்தது. விருப்பம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் சின்னம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் ஒட்டி ‘ஃபேவிகான்’ என்று பெயரிட்டார்கள். உலாவிகள் எத்தனையோ மாறிவிட்டன. அந்தப் பெயரும் பழக்கமும் நிலைத்துவிட்டன.

இனி, படம் என்பது என்ன என்று பார்ப்போம். ஜொகூர் பாருவிலுள்ள இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் பலர் இருப்பீர்கள். சுவரிலும் தூணிலும் விதானத்திலும் இலட்சக்கணக்கான சிறு கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஒரு துண்டுக்கு ஒரு நிறம்தான். அருகில் நின்றால் துண்டுகள் தெரியும். விலகி நின்றால் உருவம் தெரியும். கணினித் திரையிலுள்ள படமும் அப்படித்தான். ஒவ்வொரு துண்டுக்கும் படப்புள்ளி என்று பெயர். நம் தாய்மார்கள் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுவதும் இதே கணக்குத்தான். எத்தனை புள்ளிக் கோலம் என்று தெரிந்தால்தான் அதற்குள் என்ன போடலாம் என்று கை முடிவு செய்கிறது.

வலைத்தளச் சின்னத்தின் அடிப்படை அளவு பதினாறு புள்ளிக் கோலம். குறுக்கே 16, நெடுக்கே 16. மொத்தம் 256 புள்ளிகள். சற்றுப் பெரியது 32க்கு 32. அதில் 1,024 புள்ளிகள். அதற்கும் பெரியது 48க்கு 48. அதில் 2,304 புள்ளிகள்.

இப்போது கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தை நினைத்துப் பாருங்கள். அதைச் சதுரமாக வெட்டினால் குறுக்கே 3,000, நெடுக்கே 3,000 புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 90 இலட்சம் புள்ளிகள். அதை 256 புள்ளிகளுக்குள் அடக்க வேண்டுமானால், ஏறக்குறைய 35,000 புள்ளிகளைக் கலந்து ஒரே புள்ளியாக்க வேண்டும். கலந்தால் என்ன ஆகும்? பச்சையும் பழுப்பும் வெள்ளையும் கறுப்பும் ஒன்றாகக் குழைத்தால் சேற்று நிறம்தானே வரும்! பள்ளிக் குழுப்படத்தை அப்படியே சுருக்கினால் நாற்பது பிள்ளைகளின் முகமும் ஒரு கறையாகிவிடும். கருவி ஒரு நொடியில் மாற்றித் தந்துவிடும். பார்ப்பவருக்கோ ஒன்றும் புரியாது. ஆகையால், சுருக்குவது வேறு, சிறியதாகவே வரைவது வேறு என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். நல்ல சின்னத்தின் இரகசியமே இதுதான்.

1984ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கணினி வெளிவந்தது. அதன் திரைச் சின்னங்களை வரைந்தவர் சூசன் கேர் என்னும் பெண்மணி. அவர் அந்த வேலையைத் தொடங்கியது கணினியில் அன்று. கட்டம் போட்ட தாளில். குறுக்கே 32, நெடுக்கே 32 கட்டங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் கறுப்பாக்குவதா வெள்ளையாக விடுவதா என்று தீர்மானித்தார். நம் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்திலும் அதே கட்டங்கள் இருக்கின்றன. பென்சிலும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

ஒரு சின்னத்தை இப்போதே வரைந்து பார்ப்போம். கணக்குப் புத்தகத்தில் 16க்கு 16 கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் தோட்டத்து அகப்பக்கத்துக்கு எது பொருத்தமான சின்னம்? பால் மரம். முழு மரத்தையும் கிளையும் இலையுமாக வரைய முயன்றால் இடம் போதாது. மரத்தின் நடுப்பகுதி மட்டும் போதும். இடப்பக்கம் ஐந்து கட்டம், வலப்பக்கம் ஐந்து கட்டம் விட்டு, நடுவிலுள்ள ஆறு கட்ட அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை பழுப்பு நிறம் தீட்டுங்கள். அது அடிமரம். சுற்றிலும் பச்சை. அடிமரத்தின் மேற்பகுதியில், இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து வருமாறு இரண்டு கட்டத் தடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு. அது உளி விட்ட பட்டை வெட்டு. கோடு முடியும் பக்கத்தில் சற்றுக் கீழே நான்கு கட்ட அகலத்தில் வெள்ளையாக ஒரு மங்கு. அவ்வளவுதான். தள்ளி நின்று பாருங்கள். மரம் வெட்டிய கை எதுவாயினும் அது என்னவென்று உடனே சொல்லிவிடும்.

இதில் நாம் சேர்த்தவை மூன்றே பொருள்கள். விட்டுவிட்டவை ஏராளம். இலை, கிளை, மரப்பட்டையின் வெடிப்பு, மங்கு தாங்கும் கம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். எதை விடலாம் என்று தெரிவதற்கு அந்தப் பொருளை நன்றாக அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு தோட்டத்து வீட்டில் நிறையவே உண்டு. வெட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதைப் பிள்ளைக்குத் தாத்தாவும் பாட்டியும்தாம் சொல்ல முடியும்.

படத்துக்குப் பதிலாக எழுத்தை வைக்கலாமா என்றால், வைக்கலாம். ஆனால் இங்கே தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தைக் குறுக்கே ஐந்து, நெடுக்கே ஏழு புள்ளிகளுக்குள் தெளிவாகக் காட்டிவிடலாம். நம் எழுத்துகளோ சுழிகள் நிறைந்தவை. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு புள்ளி வேண்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே வெளியாக ஒரு புள்ளி வேண்டும். ‘ண’ என்னும் எழுத்தில் எத்தனை கோடுகள், எத்தனை வளைவுகள் என்று எண்ணிப் பாருங்கள். தோட்டம் என்பதன் முதலெழுத்தான ‘தோ’வை எடுத்தால் அதில் இரட்டைச் சுழி, ‘த’, கால் என மூன்று உறுப்புகள். 16 புள்ளியை மூன்றாகப் பங்கிட்டால் ஓர் உறுப்புக்கு ஐந்துதான் கிடைக்கும். நெருக்கி எழுதினால் எழுத்து நசுங்கிவிடும். ஆகையால் ‘ப’, ‘ட’, ‘ம’ போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் எளிதில் நிற்கும். தம்போய்க்கு ‘த’ ஒன்றை மட்டும் பெரிதாக வைக்கலாம். எல்லாவற்றிலும் எளிது ஆய்த எழுத்து; மூன்று புள்ளிகள் வைத்தால் முடிந்தது!

திரையில் தமிழைத் தெளிவாக நிறுத்தும் இந்த வேலையில் நம் நாட்டவருக்குப் பெரும்பங்கு உண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1980களிலேயே ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். பின்னர் அது ‘முரசு அஞ்சல்’ ஆயிற்று. பெரும்பாலான கைப்பேசிகளில் தமிழ் எழுத்தே தெரியாதிருந்த காலத்தில், 2005ஆம் ஆண்டு, அவருடைய ‘செல்லினம்’ சிங்கப்பூரில் அறிமுகமாகி, கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்ப வழி செய்தது. சிறிய திரையில் நம் எழுத்து தெளிவாக நிற்க வேண்டுமென்று ஒருவர் உட்கார்ந்து உழைத்ததால் வந்த பயன் அது.

சின்னம் வரைந்தாயிற்று. இனி அதைக் கோப்பாக்க வேண்டும். கணினியில் கட்டம் கட்டமாக நிறமிட்டு வரையும் இலவச நிரல்கள் இருக்கின்றன. வரைந்த படத்தைப் பி.என்.ஜி. வகைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளலாம். அதை ஐகோ வகையாக மாற்றுவதே அடுத்த வேலை. கோப்புப் பெயரின் வாலில் உள்ள எழுத்துகளை மட்டும் ஐகோ என்று திருத்திவிட்டால் போதுமே என்று சிலர் எண்ணுவார்கள். புளி டப்பாவின் மேல் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருப்பது சர்க்கரை ஆகிவிடாது. சில உலாவிகள் உள்ளே எட்டிப் பார்த்துச் சமாளித்துக்கொள்ளும். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று நம்ப முடியாது.

ஐகோ கோப்பின் அமைப்பு டிபன் கேரியர் போன்றது. ஒரே கோப்புக்குள் 16, 32, 48 என்று வெவ்வேறு அளவுப் படங்கள் அடுக்கடுக்காக இருக்கும். தேவையான அளவை உலாவி எடுத்துக்கொள்ளும். எந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லும் சீட்டு, கோப்பின் தலைப்பில் இருக்கும். முதல் 6 பைட்டுகளில், இது சின்னக் கோப்பு, இதில் இத்தனை படங்கள் உண்டு என்ற செய்தி. பிறகு ஒவ்வொரு படத்துக்கும் 16 பைட்டுகளில் அகலம், உயரம், படத்தின் பருமன், அது தொடங்கும் இடம் ஆகிய விவரங்கள். மூன்று படங்கள் இருந்தால் 16ஐ மூன்றால் பெருக்கினால் 48. அதனோடு 6ஐக் கூட்டினால் 54. ஆகவே 54 பைட்டுகளுக்குப் பிறகு முதல் படம் தொடங்கும். எவ்வளவு ஒழுங்கான கணக்கு பாருங்கள்! இன்னொரு வேடிக்கையும் உண்டு. அகலத்தை எழுத ஒரே ஒரு பைட்டுதான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். 256 புள்ளி அகலமுள்ள படத்தை எப்படிக் குறிப்பது? 0 என்று எழுதினால் 256 என்று பொருள் கொள்ள வேண்டும் என ஏற்பாடு செய்துவிட்டார்கள். 2007ஆம் ஆண்டு மக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், பி.என்.ஜி. படத்தையே அப்படியே இந்த அடுக்குகளில் வைக்கவும் வழி உண்டாயிற்று.

இந்த அடுக்கும் வேலையை உலாவியே செய்ய முடியும். 2004ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் தன் நிரல்களுக்குள் கேன்வாஸ் என்னும் வசதியைக் கொண்டுவந்தது; பிறகு எல்லா உலாவிகளும் அதை ஏற்றுக்கொண்டன. கேன்வாஸ் என்பது உலாவிக்குள் இருக்கும் ஒரு சிலேட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றித் தரும் பக்கத்தைத் திறந்து நம் படத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். உலாவி அதைத் தன் நினைவகத்தில் படித்துக்கொள்கிறது. 16 புள்ளிச் சிலேட்டு ஒன்று, 32 புள்ளிச் சிலேட்டு ஒன்று, 48 புள்ளிச் சிலேட்டு ஒன்று என மூன்றிலும் படத்தை வரைகிறது. மூன்றையும் பி.என்.ஜி. ஆக்கி, முன்னே அந்த 54 பைட்டுச் சீட்டை எழுதி ஒட்டி, ஒரே கோப்பாக நம் கையில் தருகிறது. பதிவிறக்கம் என்ற பொத்தானை அழுத்தச் சொல்லும். அந்தச் சொல்லைக் கண்டு, கோப்பு வெளியூர் போய் வந்தது என்று எண்ண வேண்டாம். எல்லாம் நம் கணினிக்குள்ளேயே நடந்த வேலை.

ஆனால், நேயர்களே, எல்லாப் பக்கங்களும் இப்படி வேலை செய்வதில்லை. சில பக்கங்கள் நம் படத்தை எங்கோ இருக்கும் தங்கள் கணினிக்கு அனுப்பி, அங்கே மாற்றித் திருப்பித் தருகின்றன. அங்கே போன படம் அழிக்கப்பட்டதா, வைத்துக்கொள்ளப்பட்டதா என்பது நமக்குத் தெரியாது. பால் மரச் சின்னம் போனால் பாதகமில்லை. பிள்ளைகளின் முகம் தெரியும் பள்ளிப் படமும், இறந்துபோன பாட்டியின் படமும், அடையாள அட்டையின் படமும் அப்படிப் போகலாமா? முன்பின் தெரியாதவரிடம் வீட்டு ஆல்பத்தை ஒப்படைப்போமா?

இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. மாற்றித் தரும் பக்கத்தைத் திறந்து, அது முழுவதும் வந்து சேர்ந்த பிறகு, இணையத் தொடர்பை நிறுத்திவிடுங்கள். பிறகு முகமோ பெயரோ இல்லாத ஒரு சாதாரணப் படத்தைக் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். மாற்றித் தந்தால், வேலை உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கிறது என்று பொருள். முடியாது என்று நின்றுவிட்டால், அது வெளியே அனுப்பும் பக்கமாக இருக்கலாம். அங்கே வீட்டுப் படங்களைக் கொடுக்க வேண்டாம். தொடர்பை மீண்டும் இணைப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை மூடிவிடுவது இன்னும் நல்லது. உலாவியே வேண்டாம் என்பவர்கள் 1996ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைத்துவரும் ஜிம்ப் என்னும் நிரலைக் கணினியில் நிறுவிக்கொண்டு அதிலேயே ஐகோ கோப்பைச் செய்யலாம். அதில் ஒவ்வோர் அளவையும் தனித்தனி அடுக்காக நாமே வரைந்து வைக்கவும் முடியும்.

நினைவில் கொள்ள வேண்டியவை இன்னும் சில. படம் சதுரமாக இருக்கட்டும். நீளமான படத்தைக் கொடுத்தால் நசுங்கும் அல்லது ஓரம் வெட்டுப்படும். பின்னணிக்கு ஏதேனும் ஒரு நிறம் கொடுங்கள். பின்னணியே இல்லாமல் கறுப்பு எழுத்தை மட்டும் வைத்தால், உலாவியைக் கருநிறத்தில் வைத்திருப்பவர் கண்ணுக்கு அது தெரியாமலே போகும். மூலப்படத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். பெரியதிலிருந்து சிறியது வரும், கறையான சிறியதிலிருந்து பெரியது திரும்பி வராது.

கோப்புக்கு ‘ஃபேவிகான்’ என்றே ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் பெயரிட்டு, வலைத்தளத்தின் முதன்மை உறையில் வைத்தால், உலாவிகள் பெரும்பாலும் தாமாகவே அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். அகப்பக்கத்தின் தலைப்பகுதியில், சின்னம் இங்கே இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. புதிய உலாவிகள் பி.என்.ஜி. படத்தையும் சின்னமாக ஏற்கும். ஐபோனின் முகப்புத் திரைக்கு 180க்கு 180 புள்ளியில் தனியாக ஒரு படம் வைப்பது வழக்கம். சின்னத்தை மாற்றிய பிறகும் பழையதே தெரிந்தால் பதற வேண்டாம். உலாவி பழைய சின்னத்தைத் தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும். சேமிப்பைத் துடைத்துவிட்டுத் திறந்தால் புதியது வந்துவிடும்.

பெற்றோர்களே, கணினி வேலை என்றால் நகரத்துப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும்தான் என்று தயங்க வேண்டாம். இன்று நாம் பேசியதில் பெருக்கல் கணக்கு உண்டு, கோலம் உண்டு, பால் மரம் உண்டு; நமக்குப் புதிதாக இருந்தது பெயர்கள் மட்டுமே. இந்த வாரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து 16க்கு 16 கட்டம் போடுங்கள். உங்கள் தோட்டத்துக்கு என்ன சின்னம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஒருவர் ஆலமரம் என்பார், ஒருவர் கோயில் மணி என்பார், இன்னொருவர் பிரட்டுக் களத்து விளக்கு என்பார். எதை வைப்பது என்று வாதாடுங்கள். அந்த வாதத்திலேயே தோட்டத்தின் வரலாறு பாதி வெளிவந்துவிடும். அதையும் பிள்ளைகள் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். அகப்பக்கத்துக்கு அதுவே முதல் கட்டுரை ஆகும்.